மங்கலாய் வந்த ஷாட்

என் தம்பியை யூனிட்டில் எல்லாரும் டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப் ஒன்று தொங்கும். நடிகர் நிற்கிற இடத்துக்கும் கேமராவுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, லென்ஸோடு பிணைத்த சக்கரத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டி, அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வான். நடிகர் நகர நகர, கோட்டுக்குக் கோடு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஆள் தெளிவாகத் தெரிவார். விட்டுவிட்டால் கலங்கிப் போவார். ஃபோகஸ் புல்லர் என்று அந்த வேலைக்குப் பெயர். என் அம்மாவோ, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் "என் மகன் கேமராமேன்" என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

என் புருஷனுக்குப் பல்லி என்று பெயர். சுவரில் ஏறுவார், மாடியிலிருந்து விழுவார், எரிகிற கதவை உடைத்துக்கொண்டு வெளியே வருவார். எல்லாம் ஹீரோவுக்குப் பதிலாக. ஹீரோவின் தலைமுடி மாதிரி ஒரு விக், ஹீரோவின் சட்டை மாதிரி ஒரு சட்டை. கேமராவுக்கு முதுகைக் காட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. தியேட்டரில் உட்கார்ந்து "அதோ அந்த முதுகு என் வீட்டுக்காரர்" என்று நான் சொல்லியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் அதே யூனிட்டில் துணிப் பிரிவு. இஸ்திரி போடுவது, கிழிந்ததைத் தைப்பது, ஒரே மாதிரி சட்டையை மூன்றாக வைத்துக்கொள்வது. ஹீரோவுக்கு ஒன்று, என் புருஷனுக்கு ஒன்று, கிழிந்தால் மாற்ற ஒன்று. ஆக ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே படத்தில். கொடுத்துவைத்தவர்கள் என்று ஊரே வயிறெரிந்தது. எரியட்டும் என்று நானும் கொஞ்சம் மினுக்கிக்கொண்டுதான் திரிந்தேன்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது ஒரே ஒரு ஷாட். பழைய கட்டடம் ஒன்றின் மாடி விளிம்பில் ஹீரோ நிற்கிறான். கீழே நிற்கிற வேனின் கூரைமேல் குதிக்கிறான். அங்கிருந்து உருண்டு தரைக்கு வந்து, எழுந்து, நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்து, லென்ஸை உரசிக்கொண்டு தாண்டிப் போகிறான். இடையில் வெட்டே கிடையாது. டைரக்டர் அதை ஒரு வாரமாகக் கனவு கண்டு, கண்ட கனவை எல்லாரிடமும் சொல்லி உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நடந்து வரப்ப முகம் தெரியுமே சார். பல்லி மூஞ்சி தெரிஞ்சிடாதா?" என்று ஸ்டண்ட் மாஸ்டர் கேட்டார்.

"அத கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம் மாஸ்டர். ஹீரோ மூஞ்சிய ஒட்டிக்குவாங்க. ஆனா ஷாட் துல்லியமா இருக்கணும். கொஞ்சம் கலங்கினாலும் ஒட்ட வராது" என்றார் டைரக்டர்.

அப்படியாக, என் புருஷன் முதல்முறையாகக் கேமராவுக்கு முகத்தைக் காட்டப் போகிறார். அந்த முகத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு இன்னொருத்தன் முகத்தை ஒட்டப் போகிறார்கள். அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம். காலையில் கண்ணாடி முன் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இந்த அலங்காரம்? அதான் அழிக்கப் போறாங்களே" என்றேன்.

"அழிக்கிறவனாச்சும் பாப்பான்ல" என்றார்.

வேனின் கூரையை அறுத்து எடுத்துவிட்டு மெல்லிய தகரம் போட்டிருந்தார்கள். அதன் அடியில், வேனுக்குள், காலி அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை. விழுகிறவனின் எடையைப் பெட்டிகள் நசுங்கி நசுங்கி வாங்கிக்கொள்ளும். பெட்டி புதிதாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒருமுறை நசுங்கிய பெட்டிக்கு அப்புறம் தெம்பில்லை.

என் தம்பி டேப்பைப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினான். மாடி விளிம்புக்கு ஒரு கோடு, வேன் கூரைக்கு ஒரு கோடு, தரையில் காலடி விழுகிற இடங்களுக்குத் தனித்தனிக் கோடு. கோடு போட்டுவிட்டு என் பக்கம் வந்து தண்ணீர் கேட்டான். உதடு காய்ந்திருந்தது.

"நீயா குதிக்கப் போற? உனக்கு ஏன்டா நடுங்குது?"

"மாமா குதிக்கிறத இவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்லக்கா."

அது உண்மைதான். இருவரும் ஒரே படத்தில் வேலை பார்ப்பது அதுதான் முதல்முறை. என் தம்பிக்கு மாமா என்றால் உயிர். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று நானே அவனை நாலு பேரிடம் மெச்சியிருக்கிறேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். அவர் குதித்தார். தகரம் டமாரென்று உள்ளே அமிழ்ந்தது. உருண்டார். தரையில் முழங்காலை ஊன்றி எழுந்தார். பின்னால் திரும்பிப் பார்க்காமல், அவசரப்படாமல், கையைத் தட்டிக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வந்தார். நான் எத்தனையோ முறை அவர் விழுந்து பார்த்திருக்கிறேன். இப்படி நடந்து பார்த்ததில்லை. ஹீரோ பிச்சை வாங்க வேண்டும் அந்த நடைக்கு. லென்ஸைத் தாண்டி வந்து நேராக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கட்! ஓகே! பல்லி, பிச்சிட்டடா!" என்று டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் எதையாவது உடைத்துவிட்டால் அவனுக்கு வருகிற முகம் எனக்குத் தெரியும். துணிப் பெட்டிக்குப் பின்னால் நான் நின்ற இடத்துக்கு மெதுவாக வந்தான்.

"அக்கா, கண்ண மூடிட்டேன்."

"என்னடா சொல்ற?"

"மாமா கால எடுத்தப்ப பயத்துல கண்ண மூடிட்டேன். கை அப்படியே நின்னுபோச்சு. சக்கரத்த திருப்பவே இல்ல. மாடிதான் தெளிவா இருக்கும். மாமா வரவர மங்கிட்டே வருவாரு. கிட்ட வந்தப்ப சுத்தமா ஒண்ணும் இருக்காது."

"டைரக்டர் ஓகே சொல்லிட்டாரு இல்ல?"

"அந்தக் குட்டி மானிட்டர்ல வெயில்ல என்ன தெரியும் அவருக்கு? மாமாவதான் பாத்துட்டு இருந்தாரு."

"அப்ப வாய மூடிட்டு இரு."

"எடிட்டிங்ல தெரிஞ்சிடும்க்கா. என் வேல போயிடும்."

"போகட்டும். நாளைக்கே வேற வேல தேடலாம். தெரியறப்ப தெரியட்டும். இப்ப சொன்னா அவர மறுபடி ஏத்துவாங்கடா. பெட்டியெல்லாம் நசுங்கிக் கிடக்கு, பாத்தியா? நீ மட்டும் வாயத் திறந்த, நான் உனக்கு அக்காவே இல்ல."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் கேமராமேனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஷாட் முடிந்தாலும், யார் ஓகே சொன்னாலும், ஃபோகஸ் புல்லரைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார். லென்ஸ் விஷயத்தில் அவனுடைய பதில்தான் கடைசி. அந்தத் தொழிலில் அப்படி ஒரு சட்டம். நன்றாக வந்ததைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கெட்டதை மறைத்தவனை எந்தக் கேமரா பக்கமும் சேர்க்க மாட்டார்கள்.

"ஃபோகஸ்?" என்றார் கேமராமேன்.

என் தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் எதிரிலேயே நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓகே சார்" என்று அவன் சொல்ல வேண்டியது இரண்டு சொல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

"சாஃப்ட் சார்" என்றான்.

மங்கல் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உடனே ஷாட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மானிட்டரைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு டைரக்டரும் கேமராமேனும் உள்ளே தலையை விட்டார்கள். டைரக்டர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்னடா புடுங்கிட்டு இருந்த?"

"கண்ண மூடிட்டேன் சார். எங்க மாமா சார் அது."

யூனிட்டே கொல்லென்று சிரித்தது. லைட் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மேக்கப்காரி சிரித்தாள். அரை மணி நேரம் முன்பு என்னிடம் ஊசி கடன் வாங்கியவளும் சிரித்தாள்.

"மாமன் குதிக்கிறத பாக்க முடியலன்னா வீட்ல உக்காந்து பூ கட்டுடா. கேமரா பக்கத்துல உனக்கு என்ன வேல? இவன இப்பவே அனுப்புங்க. வேற யாரையாவது நிறுத்துங்க" என்று டைரக்டர் கத்தினார். அதோடு நிறுத்தாமல் எங்கள் அம்மாவையும் இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் எழுத மாட்டேன்.

தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அப்போது என் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவன் தோளில் கையைப் போட்டார்.

"சார், மச்சான திட்டாதீங்க சார். சின்னப் பையன். இன்னொரு வாட்டி குதிச்சாப் போச்சு. எனக்கு என்ன, கால் வலியா கை வலியா? ஆனா இவனே நிக்கட்டும். இவன் நின்னாதான் நான் குதிப்பேன்."

பெரிய தர்மப் பிரபு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் துணிப் பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்னா அவன அனுப்பிடுவாங்கடி."

"அனுப்பட்டும். பெட்டியப் பாத்தீங்களா?"

"மாஸ்டர் பாத்துப்பாரு. உன் தம்பிடி அவன். அழுவுறான் பாரு."

மாஸ்டர் புதுப் பெட்டி கேட்டார். வாங்கி வர நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் வெயில் நகர்ந்து மாடி விளிம்பில் நிழல் விழுந்துவிடும் என்று டைரக்டர் குதித்தார். நசுங்கிய பெட்டிகளையே நிமிர்த்தி, மூலைக்கு மூலை ஒட்டு நாடா ஒட்டி, மறுபடி அடுக்கினார்கள். வளைந்த தகரத்தைச் சுத்தியால் தட்டினார்கள். மாஸ்டர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்றார். சொல்லும்போது என் புருஷனைப் பார்க்கவில்லை.

முதல் சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. மாற்றுச் சட்டையை நான்தான் போட்டுவிட்டேன்.

"பட்டன் மாறிப்போச்சு பாரு. அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே நடுக்கம்" என்று சிரித்தார். நான் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சரியாகப் போட்டேன்.

இரண்டாவது தடவை என் தம்பி கண்ணை மூடவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இமைகூடக் கொட்டவில்லை. அவர் விளிம்பை விட்டபோது சக்கரம் திரும்பியது. தகரத்தில் விழுந்தபோது சரியாக அந்தக் கோட்டில் நின்றது. ஒரு பக்கப் பெட்டிகள் மட்டும் சப்பென்று உட்கார்ந்துவிட்டன. தகரம் சாய்ந்தது. அவர் உருள வேண்டிய பக்கம் உருளாமல், மறுபக்கம் சறுக்கி, நடைபாதையின் கல் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். அந்தச் சத்தம் தகரச் சத்தம் அல்ல. எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரும் கட் சொல்லவில்லை. எழுந்து நடந்து வருவார் என்று டைரக்டர் காத்திருந்தார். கட் சொல்லும்வரை சக்கரத்தை விடக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம். என் தம்பி விடவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, கல்லில் கிடந்தவரைத் தெளிவாக வைத்துக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் விழுந்தேன். என்னையும் தெளிவாகத்தான் எடுத்திருப்பான்.

"கால் எங்க இருக்குன்னு தெரியலடி" என்றார். வலியில்லாத குரலில் சொன்னார்.

சுற்றிலும் போன்கள் எழுந்தன. தெருவில் போனவன், கடையில் நின்றவன், மாடியில் துணி உலர்த்தியவள், எல்லாரும் எடுத்தார்கள். ஒருத்தன் நன்றாகத் தெரியவில்லை என்று என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னான். ஆம்புலன்ஸ் வரும்வரை டைரக்டர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அந்த ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விழுந்தது அருமையா வந்திருக்கு. எழுந்திருச்சு மட்டும் இருந்தா..." என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மென்று விழுங்கினார், சுற்றி வளைத்தார். கடைசியில் அதைத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஹீரோ வந்தார். கூட வந்தவன் போனை நீட்டி, "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றான். என் புருஷன் சிரித்தார். ஹீரோ அவர் தோளில் கை வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் எடுத்த போட்டோவில் கண் துடைத்தது சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை துடைத்தார். அன்று சாயங்காலம் உலகமே அவரைத் தங்கமான மனுஷன் என்று கொண்டாடியது.

கேமராமேனும் வந்தார். "உங்க தம்பி மாதிரி ஒரு நேர்மையான பையன நான் பாத்ததில்லம்மா. வேற ஒருத்தனா இருந்தா மறைச்சிருப்பான். இனிமே என் படம் எல்லாத்துலயும் அவன்தான்" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க. அந்த நேர்மைய மடிச்சு உங்க கேமரா பெட்டியில வச்சுக்குங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

தம்பியோடு நான் பேசவில்லை. அவன் வந்து வாசலில் நிற்பான். என் புருஷன்தான் உள்ளே கூப்பிடுவார். அவனும் வந்து அவர் காலைப் பிடித்துவிடுவான். பிடிப்பது தெரியாத காலை எதற்கடா பிடிக்கிறாய் என்று நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். அவன் அடுத்த காலுக்கு மாறுவான். நான் வேலையை விட்டுவிட்டேன். அவரைப் புரட்டிப் போட, துடைக்க, துணி மாற்ற ஆள் வேண்டுமே. படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு ஒரே ஓர் ஆறுதல்தான் இருந்தது.

"வேற ஆள வச்சு எடுத்திருப்பாங்க. ஆனா அவன் என்ன மாதிரி நடந்திருக்க மாட்டான்" என்பார்.

படம் வந்தது. நாங்கள் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது. கொஞ்ச நாளில் அந்த ஷாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். டைரக்டர் ஒரு பேட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவன் விட்டுட்டு வந்த இடம் தெளிவா இருக்கு. அவன் மட்டும் கலங்கிட்டே வரான். அது நான் யோசிச்சு வச்சது. டெக்னிக்கலா தப்புன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா வச்சேன்."

எதிரே உட்கார்ந்திருந்தவன் எழுந்து கை கொடுத்தான்.

அந்த வாரமே மத்தியானம் ஒரு நாள் என் தம்பி வந்தான். புதுச் சட்டை. முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. என்னைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போனான்.

"மாமா, உங்க ஷாட்தான் மாமா எல்லாரும் பேசுறாங்க. என்னயக்கூட ரெண்டு டைரக்டருங்க கூப்பிட்டாங்க. அந்த மங்கல் மாதிரியே வேணுமாம்."

"என் ஷாட்டா?"

"ஆமா மாமா. ஃபர்ஸ்ட் எடுத்ததுதான். மங்கலா இருக்கறதால மூஞ்சி ஒட்ட முடியல. அப்படியே விட்டுட்டாங்க. அது நீங்கதான் மாமா. உங்க மூஞ்சிதான்."

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். நானும் வேண்டாம் வேண்டாம் என்று வந்து பின்னால் நின்றேன். மாடி விளிம்பு, ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணலாம் போல. அதிலிருந்து ஓர் ஆள் குதித்தான், உருண்டான், எழுந்தான், நடந்து வந்தான். வரவர முகம் கரைந்தது. மூக்கு போயிற்று, கண் போயிற்று, காலையில் தடவித் தடவி வைத்த மீசையும் போயிற்று. லென்ஸுக்குக் கிட்டே வந்தபோது வெறும் நிறம்தான் இருந்தது. எங்கோ தியேட்டரில் பதிவு செய்த விசில் சத்தம் போனில் கேட்டது.

என் புருஷன் போனிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"அப்ப இது ஓகேதான்" என்றார்.

"ஓகேதான் மாமா."

"அன்னிக்கு அப்படியே ஓகேன்னு சொல்லியிருக்கலாமேடா மச்சான்."

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்வாரே, அந்த மாதிரிதான் சொன்னார். என் தம்பியின் கையிலிருந்த போன் ஆடத் தொடங்கியது. அவன் மாமா அதைப் பிடித்து நேராக்கினார்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

போட்டான். குதிப்பதை அவர் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நடக்க ஆரம்பிக்கிற இடம் வந்ததும் கழுத்தை முன்னால் நீட்டினார். "இன்னொரு தடவ." மறுபடி அந்த இடத்துக்குக் கழுத்து நீண்டது. "கால் மட்டும் பெருசா தெரியற மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டார். தம்பி இரண்டு விரலால் படத்தை விரித்தான். விரிக்க விரிக்க இன்னும் கலங்கியது.

"தெளிவா வரலையேடா" என்றார் அவர்.

"வராது மாமா."

நான் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அடித்துவிட்டு என் தம்பியின் புதுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். அவர் கடைசியாக நடந்த நடை அது. உலகத்தில் இருக்கிற கேமராவெல்லாம் அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல்லில் கிடந்ததை எல்லாரும் பளிச்சென்று எடுத்தார்கள், அவனும் எடுத்தான். நடந்ததை எடுக்க மட்டும் அந்தப் பாவிக்குத் துப்பில்லாமல் போயிற்று.